ஜெபிச்சும் விட முடியல, யார்கிட்டயாவது சொல்லித்தான் ஆகணுமா?

கேட்டவர்: பெயர்வேண்டாம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என்னைத் தெரிஞ்சவங்க சிலபேர் இங்க இருக்காங்க, அதனால புது ஐடில இருந்து எழுதுறேன். நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். நான் இரட்சிக்கப்பட்டவன், ஞானஸ்நானம் எடுத்தவன், சபையில வாலிபர் கூட்டம் நடத்துறேன், பாஸ்டர் ஊர்ல இல்லாத வாரம் செய்தியும் குடுப்பேன். ஆபாசப் படம் பாக்குற பழக்கம் காலேஜ் படிக்கும்போது வந்தது, கல்யாணம் ஆனா தானா போயிடும்னு நினைச்சிட்டிருந்தேன், போகல.

பெரும்பாலும் நைட்லதான். மனைவி தூங்கினதுக்கு அப்புறம் சும்மா போனை எடுத்து ஏதோ நியூஸ் பாக்க ஆரம்பிச்சு, ரீல்ஸ்க்கு போயி, அங்கிருந்து எங்க போகும்னு எனக்கே தெரியும், தெரிஞ்சேதான் போறேன். முடிஞ்சதும் ஹிஸ்டரிய அழிச்சிட்டு முழங்கால்ல நின்னு அழுவேன், இனிமே இல்லை ஆண்டவரேன்னு பொருத்தனை பண்ணுவேன். உபவாசம் இருந்து பாத்துட்டேன். நாள் எண்ணுற ஆப் போட்டுப் பாத்தேன், நம்பர் ஏற ஏற சந்தோஷமா இருக்கும், விழுந்த அன்னைக்கு அந்த நம்பர் ஜீரோ ஆனதும் இனி என்ன இருக்குன்னு அந்த வாரம் பூரா விழுந்துட்டே இருப்பேன்.

யாக்கோபு 5:16ல ஒருத்தருக்கொருத்தர் அறிக்கை பண்ணுங்கன்னு இருக்கு, எனக்கும் தெரியும், அதை வச்சு நானே செய்தி குடுத்திருக்கேன். ஆனா சபையில எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. சொன்னா ஊழியம் போயிடும், பசங்க என்னை எப்படி பாப்பாங்க, மனைவி வீட்டுல சொல்லிட்டா மரியாதை மொத்தமா போச்சு. ஆண்டவர்கிட்ட நேரா அறிக்கை பண்ணிட்டா போதாதா? கட்டாயம் ஒரு மனுஷன்கிட்ட சொல்லித்தான் ஆகணுமா? சொல்லாம ஜெயிச்சவங்க யாராவது இருக்கீங்களா?

---

பதில்: பழைய_சீஷன்

தம்பி, நீங்க எழுதினதுல எனக்கு முதல்ல கண்ணுல பட்டது மரியாதைங்கிற வார்த்தைதான், ரெண்டு தடவை வந்திருக்கு. குத்திக் காட்டுறதுக்காக சொல்லல, இந்த மாதிரி போராடுற சகோதரர்கள் கூட ரொம்ப காலமா உக்காந்து பேசிட்டு வர்றவன் நான், கிட்டத்தட்ட எல்லாருமே இந்த எடத்துலதான் மாட்டி நிக்கிறாங்க. இச்சைதான் எதிரின்னு நினைச்சு அதோட சண்டை போட்டுட்டே இருப்பாங்க, ஆனா அந்த இச்சைக்கு சோறு போட்டு வளர்க்கிறது அவங்க மறைச்சு வச்சிருக்கிற ரகசியம், அந்த ரகசியத்துக்குக் காவல் நிக்கிறது பெருமை. யாக்கோபு 4:6 பாருங்க, "பெருமையுள்ளவர்களுக்குத் தேவன் எதிர்த்து நிற்கிறார், தாழ்மையுள்ளவர்களுக்கோ கிருபை அளிக்கிறார்". கிருபை வேணும் கிருபை வேணும்னு கேட்டுட்டு, கிருபை எங்க வருதோ அந்த எடத்துக்குப் போகாம நிக்கிறோம்.

தாழ்மைன்னா நம்ம ஆளுங்க நிறையபேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. நான் புழு, நான் கேவலமானவன்னு ராத்திரி முழுக்க தன்னைத் தானே திட்டிக்கிறது தாழ்மைன்னு நினைக்கிறாங்க. இல்லை தம்பி. அதுல பாதி அடிபட்ட பெருமைதான், "நானா இப்படி பண்ணிட்டேன், இவ்வளவு வசனம் தெரிஞ்ச நானா"ங்கிற அதிர்ச்சி. 2 கொரிந்தியர் 7:10ல பவுல் ரெண்டு விதமான துக்கத்தைப் பிரிச்சுக் காட்டுறார், ஒண்ணு மனந்திரும்புதலுக்குக் கொண்டுபோகும், இன்னொண்ணு மரணத்துக்குக் கொண்டுபோகும். ரெண்டுலயும் கண்ணீர் வரும், அதனால அழுகைய வச்சு கண்டுபிடிக்க முடியாது. அழுது முடிச்சப்புறம் என்ன செய்றோம்னு பாருங்க. ஹிஸ்டரிய அழிக்கிறோமா, இல்ல போனைக் கொண்டுபோய் ஒருத்தர் கையில குடுக்கிறோமா?

ஆண்டவர்கிட்ட நேரா அறிக்கை பண்ணினா போதாதான்னு கேட்டீங்க. பாவமன்னிப்புக்குப் போதும், 1 யோவான் 1:9 அதைத்தான் சொல்லுது, அதுல சந்தேகமே வேண்டாம், உங்க மன்னிப்பு எந்த மனுஷன் கையிலயும் இல்லை. ஆனா யாக்கோபு 5:16ல "நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு"ன்னு எழுதியிருக்கு. மன்னிப்பு கிடைச்சவனுக்கு சொஸ்தமும் வேணும்ல? தாவீத எடுத்துக்கோங்க. ராஜாக்கள் யுத்தத்துக்குப் போற காலத்துல இவர் மட்டும் எருசலேம்ல தங்கிட்டார், சாயங்காலம் உப்பரிகையில உலாத்தினார், குளிச்சிட்டிருந்த பத்சேபாளைப் பாத்தார், ஆள் அனுப்பி வரவழைச்சார், அப்புறம் மறைக்க மறைக்க கடைசில அவ புருஷன் உரியா உயிரே போச்சு. குழந்தை பொறக்கிற வரைக்கும் வாய் தெறக்கல. அந்த மாதிரி அடக்கி வச்சா என்ன ஆகும்னு 32ஆம் சங்கீதத்துல அவரே பாடுறார், எலும்புகள் உலர்ந்துபோச்சுன்னு. அவர் உடைஞ்சது நாத்தான்ங்கிற ஒரு மனுஷன் நேர்ல வந்து நின்னப்போதான். அவர் மனந்திரும்பிப் பாடின 51ஆம் சங்கீதம் அதுக்கு அப்புறம்தான் வருது.

அதனால என் பதில் ஆமா, சொல்லணும். எல்லார்கிட்டயும் வேண்டாம், மேடையில ஏறி வேண்டவே வேண்டாம். ஒருத்தர்கிட்ட போதும். உங்களைவிட வயசுல மூத்தவரா, அவர் மனைவியும் பிள்ளைங்களும் அவரை மதிக்கிறவங்களா, மத்தவங்க ரகசியத்தை உங்ககிட்ட இதுவரைக்கும் ஒரு தடவைகூட உளறாதவரா பாருங்க. "ஜெப விண்ணப்பம்"னு சொல்லி அடுத்தவங்க விஷயத்தைப் பரப்புறவங்க இருக்காங்க, அவங்க பக்கமே போகாதீங்க.

---

பதில்: ஜெபசேனை

பிரதர், மனுஷனை நம்பாதீங்க. எனக்கு ஒரே ராத்திரியில விடுதலை கிடைச்சது, உபவாச ஜெபத்துல ஆண்டவர் தொட்டார், அதுக்கப்புறம் அந்த ஆசையே இல்லை. இன்னைக்கு கவுன்சிலிங், ஆப், குரூப்னு போறதெல்லாம் விசுவாசம் குறைஞ்சதோட அடையாளம். பாவத்தைப் பாவம்னு சொல்லாம அடிக்ஷன்னு பேர் மாத்தி வச்சிருக்காங்க. குமாரன் விடுதலையாக்கினா மெய்யாவே விடுதலை, யோவான் 8:36. இன்னும் ஆழமா ஜெபிங்க, ஜெயம் வரும்.

---

பதில்: பழைய_சீஷன்

@ஜெபசேனை பிரதர், உங்க சாட்சிக்காக உண்மையிலேயே ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறேன், ஒரே ராத்திரியில விடுதலையானவங்களை நானும் பாத்திருக்கேன், அவர் அப்படியும் செய்வார். ஆனா இந்தத் தம்பி ஏற்கனவே உபவாசம் இருந்திருக்கார், அழுதிருக்கார். இன்னும் ஆழமா ஜெபின்னு சொன்னா, உன் ஜெபம் பத்தல உன் விசுவாசம் பத்தலன்னுதான் அவர் காதுல விழும், அவர் இன்னும் ஆழமா ஒளிஞ்சுக்குவார். பவுல் மூணு தடவை வேண்டிக்கிட்டும் அவர் மாம்சத்துல இருந்த முள், அதாவது அவரை வாட்டின ஒரு பாடு, எடுக்கப்படல, என் கிருபை உனக்குப் போதும்னுதான் பதில் வந்தது. அந்த முள் என்னன்னு வேதம் சொல்லல, அதனால அது இதுதான்னு நான் சொல்ல வரல. விசுவாசம் குறைவா இருந்ததால பவுலுக்கு அது போகலன்னு யாரும் சொல்ல மாட்டோம்ல, அதை மட்டும் சொல்றேன்.

அப்புறம் மனுஷனை நம்பாதேங்கிறது சரி, ஆனா மனுஷன் முன்னாடி தாழ்த்துறதும் மனுஷனை நம்புறதும் ஒண்ணு இல்லையே. குஷ்டரோகியா இருந்த படைத்தலைவன் நாகமான் யோர்தான்ல இறங்கணும்னு தீர்க்கதரிசி சொன்னப்போ அவனுக்கு வந்த கோபம் தண்ணிமேல மட்டும் இல்லை. "நான் எவ்வளவு பெரிய ஆளு, நேர்ல வந்து கை அசைச்சு சுகமாக்குவான்னு பாத்தா வேலைக்காரனை அனுப்பி குளின்னு சொல்றானே"ங்கிற கோபம். கடைசில தன் ஊழியக்காரங்க பேச்சைக் கேட்டு இறங்கினான், சுகமானான்.

---

பதில்: மனநலத்துறையில்_ஒருவன்

நானும் விசுவாசிதான், மனநல ஆலோசனைதான் என் வேலை. சுருக்கமா சில விஷயம்.

உலக சுகாதார நிறுவனம் 2019ல ஏத்துக்கிட்டு 2022ல நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 பட்டியல்ல, கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைன்னு ஒரு கோளாறு இருக்கு. அதை அடிமைத்தனம்ங்கிற தலைப்புல வைக்கல, உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுங்கிற தலைப்புலதான் வச்சிருக்காங்க. இன்னொண்ணும் தெளிவா சொல்லியிருக்காங்க, ஒருத்தருக்கு இது தப்புங்கிற மனசாட்சி உறுத்தல் மட்டும் இருந்தா அதை வச்சு நோய்னு முடிவு பண்ணக் கூடாதுன்னு. அதனால பேர் என்ன வைக்கிறதுன்னு இங்க சண்டை வேண்டாம். பாவம்னு ஒத்துக்கிறவனுக்குப் பழக்கம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிறதுல எந்த முரண்பாடும் இல்லை.

பழக்கம் எப்படி வேலை செய்யுதுன்னா, உங்க கதையில ஆசை முதல்ல வரல பாருங்க. களைப்பு வந்தது, தனிமை வந்தது, கையில போன் இருந்தது. இந்தத் துறையில பசி, கோபம், தனிமை, களைப்புன்னு நாலு சொல்வோம், இதுல ரெண்டு மூணு சேர்ந்தா எப்பேர்ப்பட்டவனும் தடுமாறுவான். மூளை அந்த வீடியோவை உடம்பு சுகத்துக்காக மட்டும் தேடுறதில்லை, அன்னைக்கு நாள் பூரா பட்ட அழுத்தத்துல இருந்து தப்பிக்கிற வழியா அதைப் பழகி வச்சிருக்கு. அதனால நைட் பதினோரு மணிக்கு மன உறுதியைக் காட்டப் பாக்காதீங்க, அந்த நேரத்துல அது கிடையாது. சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து வந்ததும் மனசுல என்ன இருக்குன்னு பாருங்க. மேனேஜர் சொன்ன ஒரு வார்த்தை உறுத்திட்டிருந்தா அதை மனைவிகிட்டயோ நண்பன்கிட்டயோ அப்பவே பேசிடுங்க.

உந்துதல் வந்தா அது ஏறிட்டே போகும்னு பயப்படுறோம், ஆனா அலை மாதிரி ஏறி இறங்கிடும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள. அதோட மல்லுக்கட்டாதீங்க, எடத்தை மாத்துங்க, எழுந்து விளக்கைப் போட்டு வெளிய வாங்க. யோசேப்பும் தன்னைப் பாவத்துக்கு இழுத்த போத்திபார் மனைவிகிட்ட விவாதம் பண்ணிட்டு நிக்கல, வஸ்திரத்தை விட்டுட்டு ஓடினான்.

போன் விஷயம்: படுக்கை அறைக்குள்ள போன் வேண்டாம், சார்ஜர் ஹால்ல இருக்கட்டும், எழுப்புறதுக்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கோங்க. ஐபோன்னா ஸ்க்ரீன் டைம்ல போய் ஆபாசத் தளங்களைத் தடுக்கிற செட்டிங்கை ஆன் பண்ணுங்க, அப்போ சஃபாரியில பிரைவேட் பிரவுசிங்கும் போயிடும், ஆனா பாஸ்கோடை நீங்க போடக் கூடாது, இன்னொருத்தர் போடணும். வீட்டு வைஃபைல ரவுட்டரோட டிஎன்எஸ்ஸை (தளத்தோட பேரை வச்சு அதைத் தேடிக் குடுக்கிற சேவை) கிளவுட்ஃப்ளேர் கம்பெனியோட 1.1.1.3க்கு மாத்தினா ஆபாசத் தளங்கள்ல பெரும்பாலானதை அங்கயே நிறுத்திடும். இதையெல்லாம் தாண்டிப் போக வழி இருக்கு, உங்களுக்கும் தெரியும். வேலி முழுசா தடுக்காது, யோசிக்க ஒரு நிமிஷம் வாங்கிக் குடுக்கும், அந்த நிமிஷத்துல ஒருத்தருக்கு போன் பண்ணலாம்.

நாள் எண்ணுற ஆப்பை அழிச்சிடுங்க. நம்பர் ஜீரோ ஆச்சு இனி என்னங்கிற அந்த நினைப்புதான் ஒரு சறுக்கலை ஒரு வார வீழ்ச்சியா மாத்துது. இத்தனை நாள் ஜெபம் பண்ணினதும் படிச்சதும் ஒரு ராத்திரியில அழிஞ்சு போறதில்லை.

---

பதில்: ஒரு_மனைவி

ஆம்பளைங்க பேசுற இடத்துல எழுதலாமான்னு யோசிச்சேன், ஆனா இதைச் சொல்லியே ஆகணும் தம்பி. நான் அந்தப் பக்கம் இருந்தவ. எனக்குத் தெரிய வந்தப்போ படத்தைவிட பொய்தான் அதிகமா வலிச்சது. "ஏன் லேட்டா தூங்குறீங்க"ன்னு நான் கேட்ட ஒவ்வொரு தடவையும் வந்த பதில் எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. என்கிட்ட ஏதோ குறை இருக்கு, நான் அழகா இல்லைன்னு ரொம்ப காலம் என்னையே குறை சொல்லிட்டிருந்திருக்கேன், காரணம் தெரியாமலே. உங்க மனைவிக்கு எதுவும் தெரியாதுன்னு நீங்க நினைக்கிறீங்க. விஷயம் தெரியாம இருக்கலாம், நீங்க தூரமா இருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்.

சொல்லுங்க, ஆனா உங்க பாரத்தை இறக்கி வைக்கிறதுக்காக மட்டும் நடுராத்திரியில கொட்டிட்டு நீங்க நிம்மதியா தூங்காதீங்க, அவங்க விடிய விடிய முழிச்சிருப்பாங்க. முதல்ல ஒரு மூத்தவர்கிட்ட பேசிட்டு, மாறுறதுக்கு ரெண்டு மூணு காரியத்தை ஆரம்பிச்சிட்டு அப்புறம் சொல்லுங்க. ஆனா அதையே சாக்கா வச்சு மாசக்கணக்கா தள்ளவும் கூடாது. அவங்க கேட்டா உண்மைய சொல்லுங்க, எப்போ இருந்து, எவ்வளவு அடிக்கடி, வேற யாராவது சம்பந்தப்பட்டிருக்காங்களா, இதுக்கெல்லாம் நேரான பதில் வேணும். என்ன படம், அதுல என்ன இருந்துச்சுங்கிற விவரம் வேண்டாம், அது ஒரு தடவை மனசுல ஏறினா இறங்காது. ஒரேயடியா எல்லாத்தையும் சொல்லிடுங்க, இன்னைக்கு கொஞ்சம் அடுத்த மாசம் கொஞ்சம்னு சொன்னா ஒவ்வொரு தடவையும் முதல் நாள் மாதிரியே உடையுது.

அவங்க அழுவாங்க, கோபப்படுவாங்க. அப்போ "ஆண்டவரே மன்னிச்சிட்டார், நீ ஏன் மன்னிக்க மாட்டேங்கிற"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. உங்களுக்கு இப்போ தாழ்மை தேவைப்படுற எடம் அதுதான், பதில் பேசாம கேட்டுட்டு உக்காந்திருக்கிறது. அவங்களுக்கும் பேசறதுக்கு ஒரு அக்கா வேணும், அந்த உரிமைய குடுங்க, உங்க மானத்துக்காக அவங்க வாயைக் கட்டாதீங்க. உங்க நடத்தையைக் கண்காணிக்கிற வேலையையும் அவங்க தலையில வைக்காதீங்க, அவங்க மனைவி, போலீஸ் இல்லை.

எங்க வீட்டுல நம்பிக்கை திரும்பி வந்துச்சு, மெதுவா. அவர் ஒவ்வொரு வாரமும் நான் கேக்காமலே வந்து அந்த வாரம் எப்படி இருந்துச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான்.

---

பதில்: மெழுகுவர்த்தி

நான் கத்தோலிக்கன், ஒரு கோணத்தை மட்டும் சேர்க்கிறேன். எங்களுக்கு பாவசங்கீர்த்தனம், அதாவது குருவானவர்கிட்ட பாவத்தை அறிக்கை பண்றது, இருக்கு, அங்க கேட்டதை குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளிய சொல்ல முடியாது, சொன்னா திருச்சபையில இருந்தே விலக்கப்படுவார். அந்தப் பாதுகாப்பு எவ்வளவு பெரிய உதவின்னு போனவங்களுக்குத் தெரியும். உங்க சபையில அந்த முறை இல்லைன்னாலும், சொல்றதுக்கு முன்னாடியே "இது நம்ம ரெண்டுபேருக்குள்ள இருக்கணும்"னு கேட்டு வாங்கிக்கலாம்.

ஆதித் திருச்சபையோட பெரிய போதகர் புனித அகஸ்டின் இச்சையோட இதே மாதிரி போராட்டத்துல வருஷக்கணக்கா கிடந்தவர், கற்பைக் குடும் ஆனா இப்போ வேண்டாம்னு இளவயசுல ஜெபிச்சேன்னு அவரே எழுதி வச்சிருக்கார். 386ல மிலான்ல ஒரு தோட்டத்துல ரோமர் 13:13-14 வாசிச்சு மனம் மாறினார், இது எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு அவர் கூட அலிப்பியுஸ்னு நண்பர் இருந்தார்ங்கிறதை யாரும் சொல்றதில்லை. அகஸ்டின் அழுறதுக்குத் தள்ளிப் போய்ட்டார், ஆனா வசனத்தை வாசிச்ச உடனே நண்பர்கிட்ட காட்டினார். அலிப்பியுஸ் அடுத்த வசனத்தைப் படிச்சார், "விசுவாசத்தில் பலவீனமுள்ளவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்", அது தனக்குன்னு எடுத்துக்கிட்டார். ரெண்டுபேரும் சேர்ந்தே போய் அகஸ்டினோட அம்மா மோனிக்காகிட்ட சொன்னாங்க. அந்தப் பெரிய மனமாற்றமும் ஒரு நண்பன் பக்கத்துல இருக்கும்போதுதான் நடந்திருக்கு.

---

கேட்டவர்: பெயர்வேண்டாம்

எல்லா பதிலையும் திரும்பத் திரும்ப படிச்சேன். அக்கா எழுதினதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பண்ண முடியல. நாள் எண்ணுற ஆப்பை எடுத்துட்டேன், சார்ஜர் ஹாலுக்குப் போயிடுச்சு. எங்க சபையில ஒரு மூப்பர் இருக்கார், பழைய_சீஷன் அண்ணா சொன்ன மாதிரிதான் ஆளு, சத்தம் இல்லாதவர். சனிக்கிழமை பாக்கணும்னு மெசேஜ் போட்டிருக்கேன், வான்னு சொல்லிட்டார். ரெண்டு கேள்வி. வாலிபர் கூட்டத்தை நான் விட்டுடணுமா? அவர் முன்னாடி போய் உக்காந்து எப்படி ஆரம்பிக்கிறது, வாய் வருமான்னே தெரியல.

---

பதில்: பழைய_சீஷன்

தம்பி, மெசேஜ் போட்டீங்கள்ல, பாதி தூரம் வந்துட்டீங்க. கூட்டத்தை விடணுமா வேண்டாமாங்கிற முடிவை நீங்க எடுக்காதீங்க, அந்த மூப்பரும் பாஸ்டரும் எடுக்கட்டும். என் கருத்து கேட்டா, கொஞ்ச காலம் நடத்துற வேலையை இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டு பின்னாடி வரிசையில உக்காருங்க. தண்டனைக்காக சொல்லல. ஊழியம் நடத்துறவன் எப்பவும் மத்தவங்களுக்குக் குடுத்துட்டே இருப்பான், உங்களுக்கு இப்போ வாங்குற எடம் வேணும். அந்தப் பசங்கள்ல எத்தனைபேர் இதே போராட்டத்துல இருக்காங்களோ, ஒளிஞ்சிட்டிருக்கிற தலைவனால அவங்களுக்கு ஒரு வார்த்தைகூட சொல்ல முடியாது. கூட்டத்தை விடச் சொன்னா விட்டுடுங்க, விட வேண்டாம்னு சொன்னாலும் கேளுங்க, ரெண்டுமே கீழ்ப்படிதல்தான்.

ஆரம்பிக்கிறதுக்கு: முன்னுரை வேண்டாம், குடும்ப நலம் விசாரிச்சு, சபைக் கட்டடம் பத்திப் பேசி அரை மணி நேரம் போச்சுன்னா அப்புறம் தைரியம் போயிடும். உக்காந்த உடனே "அண்ணா, நான் ஆபாசப் படம் பாக்குறேன், வருஷக்கணக்கா பாக்குறேன், நிறுத்த முடியல, மனைவிக்குத் தெரியாது, எனக்கு உங்க உதவி வேணும்"னு சொல்லிடுங்க. "ஒரு பலவீனம்", "கண்களின் இச்சை"ன்னு சுத்தி வளைச்சா அவர் வேற எதையோ புரிஞ்சுக்கிட்டு ஜெபிச்சு அனுப்பிடுவார். வாய் வரலன்னா பேப்பர்ல எழுதிட்டுப் போங்க, எழுதினதை வாசிச்சிடுங்க, அதுல தப்பில்லை. அப்புறம் அவர்கிட்ட ரெண்டு காரியம் கேளுங்க, வாரத்துக்கு ஒரு தடவை என்னை நேராக் கேக்குறீங்களா, நைட்ல தடுமாறினா போன் பண்ணலாமா. விழுந்ததுக்கு அப்புறம் போன் பண்றது எல்லாருக்கும் வரும், விழுறதுக்கு முன்னாடி பண்ணணும், அதுக்குத்தான் நிஜமாவே தாழணும், ஏன்னா அப்போ இன்னும் எதுவும் நடக்கலயே, சமாளிச்சிடலாம்னு தோணும். 1 கொரிந்தியர் 10:12, நிக்கிறேன்னு நினைக்கிறவன் விழாதபடி பாத்துக்கோன்னு சொல்லிட்டுத்தான் அடுத்த வசனத்துல தப்பிக்கிற வழிய பத்தி சொல்லுது.

அக்கா எழுதினதை மூப்பர்கிட்டயும் காட்டுங்க, மனைவிகிட்ட எப்போ எப்படி சொல்றதுன்னு அவரோட சேர்ந்து முடிவு பண்ணுங்க, முடிஞ்சா அவர் மனைவியும் உங்க வீட்டம்மாவுக்குத் துணையா இருக்கட்டும். சனிக்கிழமை எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க, அந்த நேரம் நான் ஜெபத்துல இருக்கேன்.

---

கேட்டவர்: பெயர்வேண்டாம்

சாயங்காலம் ஆறு மணிக்கு ண்ணா. எழுதிட்டுத்தான் போறேன்.